வேலூரிலிருந்து போன பிழையில்லாத கடிதம்

வெற்றிலையில் நகத்தால் கீறி "ஹீ" என்று எழுதினாள் ஜமீலா. ஈரமான வெள்ளைக்கொடி வெற்றிலை. கீறிய உடனே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் கீறல் கறுத்து எழுத்து தானாக மேலே வரும். நாங்கள் இருவரும் குனிந்து அது வருவதற்காகக் காத்திருந்தோம்.

"இதுதான் உன்ற ஊட்டுக்காரர்" என்றாள்.

"ஹீன்னா அவன்தானே?"

"ஆமா."

"அப்படின்னா வேண்டாம். மரியாதையா வேற ஒண்ணு எழுது."

"மரியாதைக்கு வேற ஒண்ணு கிடையாது புள்ள. ராசாவும் ஹீதான். ராசாவோட குதிரைக்காரனும் ஹீதான்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் 'தே' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டிருந்தேன். 'அவர்கள்' என்று அர்த்தம். கட்டின புருஷனை அவன் என்பதை விட அவர்கள் என்பது எவ்வளவோ மேல் என்று எனக்குத் தோன்றியது. "தே ஆர் எ சோல்ஜர்" என்று நான் அழுத்தமாகச் சொன்னதும் ஜமீலா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த வெற்றிலையெல்லாம் சரிந்து தரையில் கொட்டியது.

சென்ற வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தன்று பெய்த மழையைச் சொல்லி முடித்திருந்தேன். அந்த மழைக்கு ஒன்றரை வருஷம் கழித்து நடந்தது இது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்கள் எண்ணெய் இல்லாமல் கரி வாயுவில் ஓடிக்கொண்டிருந்தன. நாமக்கல் போகிற பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பு இருக்கும். ஏற்றத்தில் அது மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

நாங்கள் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். ஜமீலாவின் அத்தா வெற்றிலை வியாபாரி. அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் தென்னங்கீற்று வேய்ந்த பெரிய கொட்டகை உண்டு. பறித்த வெற்றிலை அங்கே வரும். நாங்கள் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தரம் பிரித்து, நூறு நூறாக அடுக்கி, வாழை நாரால் கட்டுவோம். நூறு வெற்றிலை ஒரு கவுளி. மதியச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நானும் ஜமீலாவும் மட்டும் இருப்போம். கீற்று இடுக்கு வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக விழும். வெற்றிலை வாசனையும் ஈரச் சாக்கின் வாசனையும் கலந்து கண்ணைச் சொக்க வைக்கும். இன்றைக்கும் யாராவது இங்கிலீஷ் பேசினால் எனக்கு முதலில் அந்த வாசனைதான் வருகிறது. என் பேத்தி இதைக் கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கொடிக்காலில் ஒரு செருப்பு

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போன கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக இங்கிலீஷோடு மல்லுக்கட்டினேன் என்பது புரியாது.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் நுழைய மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது கோயில் மாதிரி. அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு கொடிகள் ஏறியிருக்கும். உள்ளே போனால் வெளிச்சமே பச்சையாக இருக்கும். பேசினால்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசத் தோன்றும்.

ஒருநாள் அவர் ஏதோ யோசனையில் செருப்புக் காலோடு உள்ளே போய்விட்டார். என் மாமனார் அங்கே ஆட்களோடு கொடி கட்டிக்கொண்டிருந்தார். நேராக வந்து மகனை ஓங்கி ஓர் அறை விட்டார். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளையை, ஆட்களுக்கு முன்னால்.

அவர் செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து போனார். வீட்டுக்கும் வரவில்லை. நாமக்கல்லில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அப்போது தமுக்கடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. தாம் சிப்பாயாகிவிட்டதாக எழுதியிருந்தார்.

மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டில் நானும் மாமனாரும்தான். கடிதத்தைக் கேட்டுவிட்டு மாமனார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"இந்த ஊட்டுல இனி அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மீதி இருப்பது நான் ஒருத்திதான். நான் என்றைக்கு அவர் பெயரை எடுத்தேன்?

எட்டுக் கடிதங்கள்

மாதம் ஒன்றாகக் கடிதம் வந்தது. எட்டு வந்தது. உறையில் அவர் பட்டாள நம்பர் மட்டும் இருக்கும், அடியில் 'உன் கணவன்' என்று முடித்திருப்பார். தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லுவார். மாமனார் உடனே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவார். நான் படித்து முடித்து உள்ளே போகிறவரை அங்கேயே நிற்பார். ஏற்றம் நின்றிருக்கும், மாடு நின்றிருக்கும், அவரும் நின்றிருப்பார். ஒரு தடவைகூட என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டதில்லை. நானும் வீம்புக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை, நல்லா இருக்காருங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன வயதில் மனசு கல்லாகத்தான் இருக்கிறது.

நாலாவது கடிதத்தில், முகாமில் தங்களுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுப்பதாக எழுதியிருந்தார். 'இப்போது எனக்கு இருபது வாக்கியம் தெரியும்' என்று பெருமையடித்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இவர் திரும்பி வந்து இங்கிலீஷில் வெளுத்துக் கட்டுவார், நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டுமா? மறுநாளே ஜமீலாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஜமீலா என்னைவிட ஒரு வயதுதான் பெரியவள். சேலத்தில் அவள் மாமா வீட்டில் தங்கி ஒரு மிஷன் பள்ளியில் படித்தவள். போதும் என்று சொல்லி அத்தா கூட்டிவந்துவிட்டார். வரும்போது ஒரு பச்சை அட்டை இலக்கணப் புத்தகத்தைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அத்தாவுக்கு அவள் படிப்பதில் வருத்தமில்லை. ஆனால் அவள் எழுத்து வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவள் எழுதுவதற்கு வெற்றிலைதான் கிடைத்தது. மாலையில் மாடு தின்றுவிடும்.

பெரிய நான், சின்ன நீ

பெயர்ச்சொல்லில் ஆரம்பித்தோம். ஆளுக்கு, ஊருக்கு, பொருளுக்குப் பெயராக வருவதெல்லாம் பெயர்ச்சொல். ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்லச் சொன்னாள். ஊருக்கு வேலூர், பொருளுக்கு வெற்றிலை, ஆளுக்கு ஜமீலா என்றேன். 'சபாஷ்' என்று ஒரு பிஞ்சு வெற்றிலையை எடுத்து என் வாயில் வைத்தாள்.

நான் நாலாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். வினைச்சொல் கடைசியில் வந்து வாக்கியத்தை மூடி வைக்கும் என்பது என் ரத்தத்தில் ஊறியது. இங்கிலீஷில் அது நடுவில் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. விருந்துக்கு வந்தவர் வாசற்படியிலேயே சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலீஷில் 'நான்' என்பதை எந்த இடத்தில் எழுதினாலும் பெரிய எழுத்தில்தான் எழுத வேண்டும். 'நீ' சின்ன எழுத்து. ராஜா எழுதினாலும், வெற்றிலை அடுக்குகிற இந்த நல்லம்மாள் எழுதினாலும், அந்த 'நான்' தூண் மாதிரி நிமிர்ந்துதான் நிற்கும். அன்று மத்தியானம் முழுக்க ஒரு கவுளி வெற்றிலையிலும் அந்த ஒற்றைக் கோட்டைக் கீறிக்கொண்டிருந்தேன். நூறு நான்.

"அத்தனையும் வீணாப் போச்சு, அத்தா பார்த்தா அவ்வளவுதான்" என்று ஜமீலா அலறினாள்.

பிறகு அந்த 'எ', 'தி' என்ற இரண்டும் வந்து எங்கள் உயிரை வாங்கின. தெரியாத ஆற்றுக்கு ஒன்று, தெரிந்த ஆற்றுக்கு ஒன்று. தமிழில் ஆறு என்றால் ஆறுதான். எங்களுக்குத் தெரியாத ஆறு எது இருக்கிறது? வாசலைத் திறந்தால் காவிரி.

நேற்று, இன்று, நாளை என்று காலங்களைப் பிரித்துப் பிரித்து ஒப்பித்தேன். கொடிக்காலில் அகத்தி வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஒப்பிப்பேன். ஐ ஆம், யூ ஆர், ஹீ ஈஸ். அந்தப் பச்சை வெளிச்சத்தில் சொல்லும்போது அர்த்தமெல்லாம் கழன்று போய் ஏதோ மந்திரம் போலக் கேட்கும். அவர் ஒரு வரிசை தள்ளி என்னோடு சேர்ந்து நடப்பதாக நினைத்துக்கொள்வேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் போய்விடுவார்.

ஒருநாள் மத்தியானம் கொட்டகையிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அவர் ஆற்று மணலில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு சொல்லுக்குக்கூடத் தடுமாறவில்லை. விழித்துப் பார்த்தால் ஒன்றுமே ஞாபகம் இல்லை. கன்னத்தில் வெற்றிலை நரம்பு பதிந்திருந்தது, அவ்வளவுதான்.

கடிதம் நின்றது

பங்குனி மாதம் கடிதம் வரவில்லை. சித்திரையிலும் வரவில்லை. தபால்காரர் எங்கள் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போக ஆரம்பித்தார்.

எட்டாவது கடிதத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கப்பலேறப் போவதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு ஆபீஸின் விலாசம் இருந்தது. 'ஏதாவது விசாரிக்க வேண்டுமானால் இந்த விலாசத்துக்கு எழுது. ஆனால் அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லை. இங்கிலீஷில் எழுத வேண்டும்.'

சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போனால் மை காய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மாமனார் காதுக்கும் போகும். மாமனாரிடம் கேட்கவோ என் வீம்பு விடவில்லை.

"நான் சொல்லச் சொல்ல நீ எழுது" என்றாள் ஜமீலா.

"வேண்டாம். அவர் இருக்காரா இல்லையான்னு கேக்கறது என்ற கேள்வி, உன்றது இல்ல. நான்தான் கேக்கணும். தப்பு இருந்தா நீ திருத்து."

அதற்குப் பிறகு விளையாட்டாகப் படிக்கவில்லை. பசி எடுத்தவள் சாப்பிடுகிற மாதிரி படித்தேன். கேள்வி கேட்கும் வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போடுவது, இல்லை என்பதை எங்கே வைப்பது, ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது வினைச்சொல்லுக்கு 'எஸ்' என்கிற வால் எப்போது வரும் என்று பத்துப் பதினைந்து நாளில் விழுங்கினேன். வெற்றிலை அடுக்கும் விரல் ஒரு பக்கம் ஓடும், உதடு ஒரு பக்கம் ஓடும்.

வைகாசியில் கடிதத்தை எழுதினேன். மூன்று நாள் பிடித்தது. அது எனக்கு இன்னமும் வரிக்கு வரி மனப்பாடம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

'மதிப்பிற்குரிய ஐயா, நான் ஒரு மனைவி. என் கணவர் ஒரு சிப்பாய். அவர் உயரமானவர். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அவர் வேகமாக நடக்கிறார். அவர் கம்பு தோசையை விரும்புகிறார். அவர் எட்டுக் கடிதங்கள் எழுதினார். அவர் இப்போது எழுதுவதில்லை. அவர் எங்கே இருக்கிறார்? அவர் நலமாக இருக்கிறாரா? தயவு செய்து பதில் சொல்லுங்கள். உங்கள் கீழ்ப்படிதலுள்ள, நல்லம்மாள், பரமத்தி வேலூர்.'

ஜமீலா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விதியாகச் சரி பார்த்தாள். பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தில் பெரிய எழுத்து. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி. கேள்விக்குக் கேள்விக்குறி. கடைசியில் புத்தகத்தை மூடினாள்.

"ஒரு பிழைகூட இல்ல புள்ள. எங்க இஸ்கூல் டீச்சரம்மா பார்த்தா முதுகுல தட்டிக் கொடுப்பாங்க."

நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன். போட்டபின் பெட்டியைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே விழுந்ததா என்று.

பழுப்பு உறை

ஆனி மாதம் ஒரு பழுப்பு உறை வந்தது. மாமனார் கிணற்றடிக்குப் போனார். நான் பிரிக்காமலே ஜமீலா வீட்டுக்கு ஓடினேன். வெற்றிலை மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரித்தோம். டைப் அடித்த இரண்டே வரி.

'தாங்கள் விசாரிக்கும் சிப்பாயின் பெயரும் நம்பரும் தங்கள் கடிதத்தில் இல்லை. அவற்றைத் தெரிவித்தால் பதில் அனுப்பப்படும்.'

ஜமீலா படித்தாள். நான் படித்தேன். மறுபடி அவள் படித்தாள். பிறகு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யா அல்லா! பேரே எழுதலையே நாம!"

மூன்று நாள் புள்ளி பார்த்தோம், வால் பார்த்தோம். இரண்டு பேருக்கும் பெயர் இல்லாதது கண்ணில் படவே இல்லை. எப்படிப் படும்? புருஷன் பெயரைச் சொல்லாமல் பேசுவதுதான் எங்களுக்குப் பேச்சு. அவள் அம்மாவும் அப்படித்தான், என் அம்மாவும் அப்படித்தான்.

சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரின் சாயல் உள்ள எதையும் சொல்ல மாட்டோம். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் புருஷன் பெயர் ராசப்பன். அந்த அக்கா, நெய்க்குப் பேர்போன ராசிபுரத்தை 'நெய்க்காரவூரு' என்றுதான் சொல்லும். பஸ்ஸில் ஏறி நெய்க்காரவூருக்கு டிக்கெட் கேட்டு, டிரைவர் கண்டக்டர் எல்லாரும் குழம்பிப் போய், கடைசியில் பின்சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் விளக்கிச் சொன்னார். எனக்கோ திருச்செங்கோட்டுச் சாமியின் பெயரையே சொல்ல முடியாது. மலை மேலே இருக்கிற சாமி என்று கும்பிடுவேன். சாமிக்குத் தெரியாதா என்ன?

"சரி, நானே எழுதறேன். அத்தாவுக்குத் தெரியாம ஒரே ஒரு வார்த்தை. சொல்லு, அவர் பேரென்ன?" என்றாள் ஜமீலா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தினமும் என் வீட்டுக்காரரைப் பற்றியே பேசியிருக்கிறோம். அவர் புருவத் தழும்பு எந்த மரத்திலிருந்து விழுந்ததில் வந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும். பெயர் தெரியாது.

பேனாவை வாங்கி நானே எழுதப் பார்த்தேன். முதல் எழுத்தைப் போட்டேன். அதற்கு மேல் கை நகரவில்லை. படித்தவர்கள் இதைப் படித்துவிட்டு, என்ன மூடத்தனம் என்று சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் அவர் எங்கேயோ ஒரு கட்டிலில் போவதா இருப்பதா என்று கிடக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். நான் எழுதுகிற ஒரு எழுத்து அவரைப் போகிற பக்கம் தள்ளிவிட்டால்? உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்காக அவர் உயிரையே பணயம் வைக்கச் சொல்கிறார்களே என்று அந்த ஆபீஸ்காரர்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அழுதேன். ஜமீலாவும் கூட அழுதாள்.

அகத்தி நிழல்

மறுநாள் மத்தியானம் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கொடிக்காலுக்குப் போனேன். மாமனார் தனியாகக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதற்கான கோரைத் துணுக்கைப் பல்லில் கடித்தபடி என்னைப் பார்த்தார்.

"என்ன சாமி, இந்த வெயில்ல?"

"உங்க மகன் பேரை நீங்க சொல்லணுமுங்க மாமா."

பல்லிலிருந்த கோரை கீழே விழுந்தது.

"யாருக்கு?"

"சர்க்காருக்குங்க. கடுதாசி நின்னு மூணு மாசம் ஆச்சுங்க. எங்க இருக்காங்கன்னு கேட்டு எழுதினேன். பேரில்லைன்னு திருப்பி எழுதியிருக்காங்க."

"ஆரு எழுதிக் குடுத்தா?"

"நான்தானுங்க. இங்கிலீசுல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

"மூணு மாசமுன்னு எனக்குந் தெரியும் சாமி. தபால்காரன் தலையைக் குனிஞ்சுட்டுப் போறதை நானுந்தான் பாக்கறேன்."

நான் எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன். பலகைக்குப் பதிலாக மண்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் காகிதத்தை வைத்தேன். கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன்.

"எழுதினா ஆயுசு குறையாதுங்களா மாமா?"

"குறைஞ்சா என்ற ஆயுசுல குறையட்டும். நான் சொல்றேன், நீ எழுது."

சொன்னார்.

"அர்த்தநாரி."

குரல் கரகரவென்று வந்தது. நான் எழுத்துக் கூட்டுவதில் இன்னமும் மந்தம். ஒரு எழுத்துப் போட்டதும் நிறுத்தி, "திரும்பச் சொல்லுங்க" என்றேன். சொன்னார். அடுத்த எழுத்து. மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னார். ஏறக்குறைய ஒரு வருஷமாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராத பெயர், அன்று அந்தக் கொடிக்காலில் பத்துப் பன்னிரண்டு தடவை வந்தது. சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்துகொண்டே போனது. கடைசி இரண்டு தடவை எனக்காகச் சொல்லவில்லை, எழுதி முடித்திருந்தேன். அவர் தமக்காகச் சொல்லிக்கொண்டார்.

"ஒரு செருப்புக்காவ அடிச்சுட்டனே" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். பட்டாளத்திலிருந்து வந்த முதல் கடித உறையிலிருந்த நம்பரையும் பார்த்து எழுதி, அன்றே தபாலில் போட்டேன். மாமனார் கூடவே வந்தார்.

பரிசல் துறை

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் பதில் வந்தது. இந்தத் தடவை மாமனார் கிணற்றடிக்குப் போகவில்லை. தபால்காரர் கையிலிருந்து உறையை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் முதலில் இங்கிலீஷில் படித்தேன். அவர் அதையும் கவனமாகக் கேட்டார். பிறகு தமிழில் சொன்னேன்.

குண்டு வெடித்ததில் காயம். உயிருக்கு ஆபத்தில்லை. வடக்கே ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். விரைவில் வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

காயம்பட்டதும் இரண்டு மாதம் நினைவில்லாமல் கிடந்தார் என்பதும், அதற்குப் பிறகு எழுதிய கடிதங்கள் வழியிலேயே தொலைந்தன என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நாளில் காவிரிக்கு எங்கள் ஊரில் பாலம் கிடையாது. அக்கரையில் புகளூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிப் பரிசலில்தான் வர வேண்டும். என்றைக்கு வருவார் என்று தெரியாது. தினமும் ரயில் வரும் நேரத்துக்கு நானும் மாமனாரும் துறைக்குப் போய் நின்றோம். ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு போயிற்று. ஜமீலா மாடி ஜன்னலிலிருந்து துறையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பதினோராம் நாள் சாயங்காலம். வெயில் மஞ்சளாகி, தண்ணீரும் ஆட்களும் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது. நடு ஆற்றில் ஒரு பரிசல் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர். அதில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி, நீர் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு எனக்குத் தெரியும்.

மாமனாருக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"கூப்பிடு சாமி" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, துறையில் அத்தனை பேர் பார்க்க, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"அர்த்தநாரீ!"

பரிசல்காரர் திரும்பினார். கூடையோடு இருந்த கிழவி திரும்பினாள். குழந்தை வைத்திருந்தவள் திரும்பினாள். பரிசலிலிருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். பக்கத்திலிருந்த கிழவி அவர் தோளைத் தொட்டுக் கரையைக் காட்டினாள். அப்போதுதான் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. அப்போதும் எனக்குப் புரியவில்லை. கரையேறியதும் மாமனார் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னென்னமோ சொல்லிக்கொண்டே போனார். அவர் அப்பாவின் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, துறை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "காது போயிருச்சுங்கப்பா. ரெண்டும்."

அதற்குப் பிறகு நான் அவரைப் பெயர் சொல்லாமல் பேசியதே இல்லை. எங்கள் தெருப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சேர்த்து வைத்த வீம்பெல்லாம் எனக்கு அந்த ஒரு சொல்லில்தான் தீர்ந்தது. அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பலகையில் எழுதுவேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கேட்காது என்று தெரிந்தேதான்.

அவர் வந்து இரண்டு மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் சோறு போட்டுவிட்டு, குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற பேரா அது?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.